ஏழு மாதமாக இரவுப் படி தவறாகப் போயிருக்கிறது, எப்படிச் சரிசெய்வது?

மாதக்கடைசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 140 பேர் வேலை செய்யும் இடத்தில் சம்பளம் போடுகிறேன். இந்த வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது மாட்டியிருக்கும் சிக்கலுக்கு அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் பெரிய உதவி.

ஏழு மாதம் முன்பு இரவு ஷிஃப்ட் நேரத்தை மாற்றினார்கள். அதற்காக அட்டெண்டன்ஸ் சாஃப்ட்வேரில் புதிதாக ஒரு ஷிஃப்ட் கோடு (குறியீடு) போட்டோம். இரவு பத்து மணிக்கு உள்ளே வருபவர் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் வெளியே போவார். எந்தத் தேதியில் உள்ளே வந்தாரோ அந்தத் தேதிக்கு மட்டும் ஓர் இரவு என்று கணக்கில் ஏற வேண்டும். பழைய கோடில் அந்த செட்டிங் இருந்தது. புதியதில் போட விட்டுப்போயிற்று. அதனால் வெளியே போன தேதியும் தனி இரவாக ஏறிவிட்டது. தொடர்ந்து ஆறு இரவு வேலை செய்தவருக்கு ஏழு இரவுக்குப் படி போயிருக்கிறது. நிரந்தர இரவு ஷிஃப்ட்டில் இருக்கும் 11 பேருக்கு இப்படி. ஏழு மாதத்தில் ஆளுக்குச் சுமார் 30 இரவுப் படி அதிகம்.

இதற்கு நேர் எதிராக, பகலிலிருந்து மாறி ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று வரும் 6 பேரை அந்த ஷிஃப்ட் குழுவில் சேர்க்கவே இல்லை. நான்கு மாதமாக அவர்களுக்கு இரவுப் படி பூஜ்யம்.

இது வெளியே வந்ததே அந்த ஆறு பேரில் ஒருவரால்தான். சட்டைப்பையில் வைக்கிற சின்ன நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வோர் இரவுக்கும் தேதி போட்டு, பக்கத்தில் ஒரு டிக். போன மாதம் 12 டிக். அவர் ஏற்கெனவே இரண்டு முறை என்னிடம் கேட்டிருக்கிறார். “சிஸ்டத்தில் சரியாகத்தான் இருக்கிறது” என்று இரண்டு முறையும் நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை நினைத்தால் மனது கேட்கவில்லை.

முதலாளி சொல்வது இது: ஆறு பேருக்கும் அடுத்த மாதச் சம்பளத்தோடு சேர்த்துப் போட்டுவிடு, பதினொரு பேரிடமும் அடுத்த மாதமே மொத்தமாகப் பிடித்துவிடு, முன்கூட்டிச் சொன்னால் சச்சரவுதான் வரும். பதினொரு பேரில் ஒருவர் ராஜினாமா கொடுத்து இன்னும் மூன்று வாரத்தில் போகிறார். இன்னொருவர் இரண்டு மாதம் முன்பே போய்விட்டார்.

என்ன செய்யலாம்? முதலாளியிடம் எதைச் சொல்லிப் பேசலாம்?

---

பழைய பேரோல்காரர் எழுதியது:

தம்பி, 24 வருடம் இந்த வேலை பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். குறைத்துக் கொடுத்ததும் கூட்டிக் கொடுத்ததும் ஒரே தப்பின் இரண்டு பக்கம் என்று உங்கள் முதலாளி நினைக்கிறார். அப்படி இல்லை. ஆறு பேருக்கு நீங்கள் கடன்காரர்கள். வேலை செய்து முடித்த இரவுக்கான காசு அது, கெடு தாண்டி நான்கு மாதம் ஆகிவிட்டது. பதினொரு பேர் விஷயத்தில், அவர்கள் கேட்காமல் நீங்களாகக் கொடுத்த பணம். உங்கள் பாக்கியை உங்கள் வேகத்தில் கொடுக்கக் கூடாது, அவர்களிடமிருந்து வர வேண்டியதை உங்கள் வேகத்தில் வாங்கவும் கூடாது.

அதனால் ஆறு பேருக்கு அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே தனியாகப் போடுங்கள். சம்பள நாள் தவிர வேறு நாளில் பணம் போட முடியாது என்று அக்கவுண்ட்ஸில் சொல்வார்கள். முடியும். ஆறு பேருக்கு ஒரு சின்ன பேங்க் ஃபைல், அரை நாள் வேலை. அதற்கென்று தனிச் சீட்டு கொடுங்கள். எந்த மாதம், எத்தனை இரவு, ஓர் இரவுக்கு எவ்வளவு என்று மாதவாரியாக இருக்கட்டும். மொத்தமாக “அரியர்ஸ்” என்று ஒரே வரியில் போட்டால், சரியாக வந்ததா என்று அவருக்கு மறுபடியும் தெரியாது. அந்தச் சந்தேகத்தோடு அவர் திரும்ப உங்களிடம்தான் வர வேண்டியிருக்கும்.

அப்புறம், அந்த நான்கு மாதத்தில் யாருக்காவது பணம் பற்றாமல் கடன் தவணை தவறி அபராதம் விழுந்ததா என்று கேளுங்கள். விழுந்திருந்தால் அதையும் நிறுவனம் கொடுக்க வேண்டும் என்பேன். எல்லா நாட்டுச் சட்டமும் இதைச் சொல்லாது. நான் சொல்கிறேன். நம் தப்புக்கு அவர் ஏன் அபராதம் கட்ட வேண்டும்?

பதினொரு பேர் விஷயம் பொறுமையாகச் செய்ய வேண்டியது. இதில் என் தப்பு ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வேலைக்கு வந்த நான்காம் வருடம், ஒரு படியை 40 பேருக்கு இரண்டு முறை போட்டுவிட்டேன். மேலே சொன்னார்கள், நானும் சத்தமில்லாமல் அடுத்த மாதமே பிடித்தேன். சம்பள நாளன்று மதியம் ஓர் அம்மா வந்தார். பேக்கிங் பகுதியில் வேலை. கையில் சம்பளச் சீட்டு. கையில் வரும் தொகைக்கு அடியில் பேனாவால் திரும்பத் திரும்பக் கோடு போட்டதில் அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. சண்டை போடுவார் என்று நினைத்தேன். “இதைப் போன வாரம் சொல்லியிருந்தால் நான் சீட்டுப் பணத்துக்கு வேறு வழி பார்த்திருப்பேனே சார்” என்று மட்டும் சொன்னார். பணம் எங்களுடையது என்பதில் அவருக்கு மறுப்பே இல்லை. சொல்லாமல் செய்ததுதான் அவருக்கு வலித்தது. அன்றைக்குப் பிறகு ஆளிடம் சொல்லாமல் ஒரு பிடித்தமும் நான் போட்டதில்லை.

முதலாளியிடம் இதைச் சொல்லுங்கள்: முன்கூட்டிச் சொன்னால் வரும் சச்சரவு ஒரு மேசையைச் சுற்றி வரும். சொல்லாமல் பிடித்தால் வரும் சச்சரவு சம்பள நாளன்று மொத்த ஷிஃப்ட்டும் வாசலில் நிற்கும்போது வரும்.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள். ஒரே ஒரு தாள் போதும். அதில் நான்கு நெடுவரிசை: மாதம், அட்டெண்டன்ஸ் மெஷினில் பதிவான இரவு, படி கொடுத்த இரவு, வித்தியாசம். அதை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்து வரட்டும். “இந்த மாதம் நான் ஞாயிறும் வந்தேன்” என்று ஒருவர் சொன்னால், அது தீரும் வரை அந்த மாதத்துத் தொகையைத் தொடாதீர்கள். ஒத்துக்கொண்ட தொகைக்குக் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை தவணை என்று அவரையே கேளுங்கள். தப்பு ஏழு மாதம் நடந்திருக்கிறது, குறைந்தது ஏழு மாதமாவது கொடுங்கள் என்பது என் கணக்கு. முப்பது இரவுப் படியை மாதம் நான்கைந்து என்று பிரித்தால், அதிகம் வந்துகொண்டிருந்த அதே அளவில் திரும்பப் போகும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அதிகமாக வந்தது நின்றதும் அவர் கையில் வருவது ஏற்கெனவே குறையும், தவணையும் சேர்ந்தால் இரட்டைக் குறைவு. அதனால் ஒருவர் பத்து மாதம் கேட்டாலும் கொடுங்கள்.

எவ்வளவு பிடிக்கலாம், எழுத்தில் சம்மதம் வேண்டுமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டே முதல் தவணையைப் பிடியுங்கள். பொதுவான அடிப்படை மட்டும் ரொம்பப் பழையது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் வருட ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, அதன் எண் 95, எட்டாவது பிரிவிலேயே இதைச் சொல்கிறது: நாட்டுச் சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ தீர்ப்பாயத்தின் முடிவோ அனுமதித்த நிபந்தனைப்படி, அனுமதித்த அளவுக்குத்தான் கூலியில் பிடித்தம் செய்யலாம். முதலாளி நினைத்த நேரத்தில் கை வைக்கிற பணம் இல்லை அது.

ராஜினாமா கொடுத்தவரை நாளைக்கே பாருங்கள். கடைசி செட்டில்மெண்டில் மொத்தமாக வழித்துக்கொள்வது எல்லா நிறுவனமும் செய்கிற காரியம். அடுத்த வேலையில் முதல் சம்பளம் வரும் வரை அவருக்கு அதுதான் கையிருப்பு. ஒரு பகுதியைப் பிடித்துவிட்டு மீதிக்கு எழுதி வாங்குங்கள். போய்விட்டவருக்கு அதே தாளோடு மரியாதையாக ஒரு கடிதம். பதில் வராவிட்டால் எழுதித் தள்ளுபடி செய்யச் சொல்லுங்கள். முப்பது இரவுப் படிக்காக வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது எந்த நிறுவனத்துக்கும் அழகில்லை.

பழைய மாதச் சீட்டுகளைத் திருத்தி மறுபடி அச்செடுக்காதீர்கள். தப்பு அப்படியே பதிவில் இருக்கட்டும், திருத்தம் இந்த மாதத்தில் தனி வரியாக வரட்டும்.

ஒரு கேள்வி: உங்கள் சம்பளச் சீட்டில் இரவு எண்ணிக்கை வருகிறதா?

---

மாதக்கடைசி எழுதியது:

சார், ரொம்ப நன்றி. எண்ணிக்கை வருவதில்லை. இரவுப் படி, பயணப் படி எல்லாம் சேர்த்து “இதர படிகள்” என்று ஒரே தொகை.

நீங்கள் கேட்ட பிறகு எடுத்துப் பார்த்தேன். பதினொரு பேரில் பல பேருக்கு 30 நாள் மாதத்தில் 30 இரவு என்று ஏறியிருக்கிறது. நடுவில் நான்கு நாள் வார விடுமுறை இருக்கிறது. ஏழு மாதமாக அது என் கண்ணில் படவில்லை.

---

பழைய பேரோல்காரர் எழுதியது:

அதுதான் ஆணிவேர் தம்பி. செட்டிங் விட்டுப்போவது யாருக்கும் நடக்கும். ஏழு மாதம் தெரியாமல் போனதற்குக் காரணம் அந்த ஒரே வரி. நான் சொன்ன அதே உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவு, ஒவ்வொரு முறை கூலி கொடுக்கும்போதும் அதன் விவரம் தொழிலாளிக்குத் தெரிய வேண்டும் என்கிறது. “இரவு 26 × படி” என்று சீட்டில் அச்சாகியிருந்தால், அந்த ஆறு பேரும் முதல் மாதமே பூஜ்யத்தைப் பார்த்திருப்பார்கள். 30 இரவைப் பார்த்து அந்தப் பதினொரு பேரில் ஒருவராவது வந்து சொல்லியிருப்பார். உங்கள் 140 பேரும் உங்களுக்குச் சரிபார்க்கும் ஆட்கள், கணக்கைக் கையில் கொடுத்தால்.

சம்பளம் போடும் முன் ஒரு சின்ன ஷீட் ஓட்டுங்கள். படி கொடுக்கும் இரவு, வந்த நாளை விட அதிகமாக இருக்கிறதா? இரவு பஞ்ச் (மெஷினில் வருகைப் பதிவு) இருந்தும் படி பூஜ்யமா? போன மாதத்தை விடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறியோ இறங்கியோ இருப்பவர் யார்? மூன்றும் சேர்ந்து கால் மணி நேரம். புதிதாக ஒரு ஷிஃப்ட் கோடு போட்டால் முதல் மாதம் ஐந்து பேருக்குக் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

---

இரவு ஷிஃப்ட் எழுதியது:

நான் சம்பளம் போடுபவன் இல்லை, வாங்குபவன். இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முன்பு வேலை பார்த்த இடத்தில் எனக்கு ஐந்து மாதம் கூடுதலாகப் போட்டுவிட்டு ஒரே மாதத்தில் பிடித்தார்கள். அந்த மாதம் கைக்கு வந்தது வழக்கமான சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான். எச்ஆரில் கேட்டேன். “அது உங்கள் பணமே இல்லையே” என்றார்கள். உண்மைதான். ஆனால் வருகிற சம்பளத்தை நம்பித்தானே வீட்டு வாடகை, மருந்து எல்லாம் ஓடுகிறது? அதிகம் வந்ததை நான் தனியாக எடுத்து வைக்கவில்லை. அதிகம் என்றே எனக்குத் தெரியாது. ஓவர்டைம் மாதா மாதம் மாறும், அதில் கலந்து போயிருந்தது.

எனக்கு ஆறாத இன்னொன்று. கூட வேலை செய்தவர்கள் மத்தியில் “அவன் அதிகமாக வாங்கிக்கொண்டு சும்மா இருந்தான்” என்று பேச்சு வந்தது. நோட்டீஸ் போர்டில் எங்கள் பெயரை எழுதி “ரெக்கவரி” என்று போட்டிருந்தார்கள். தம்பி, நீங்கள் பெயர்ப் பட்டியல் எங்கும் ஒட்டிவிடாதீர்கள். முடிந்தால் தப்பு எங்களுடையது, இவர்களுடையது இல்லை என்று முதலாளி வாயாலேயே சொல்ல வையுங்கள். என்னிடம் ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் நான் அந்த வேலையை விட்டிருக்க மாட்டேன்.

நோட்டில் டிக் போட்டவரிடமும் நீங்கள் நேரில் போய்ச் சொல்லுங்கள். இரண்டு முறை திருப்பி அனுப்பியதை அவர் மறந்திருக்க மாட்டார்.

---

வரிக்கணக்கர் எழுதியது:

பேரோல்காரர் சார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: திருப்பி வாங்குவது மொத்தத் தொகையா, கையில் போன தொகையா?

100 அதிகமாகக் கொடுத்தீர்கள், அதில் 20 வரியாகப் பிடித்துக் கட்டிவிட்டீர்கள், அவர் கையில் போனது 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி ஆண்டு இன்னும் முடியவில்லை என்றால், சம்பளத்தை 100 குறைத்து மறுகணக்குப் போடலாம். வரியும் தானாகக் குறையும், அவருக்கு 80தான் குறையும். ஆண்டு முடிந்து வருமானக் கணக்கும் கொடுத்துவிட்டார் என்றால் கதை வேறு. இப்போது 100 கேட்டால், அவர் கைக்கு வராத 20-ஐயும் கையிலிருந்து எடுத்துத் தர வேண்டும். பிறகு அதை வரித்துறையிடம் போய் வாங்க வேண்டும்.

கனடாவில் இது பெரிய அளவில் நடந்தது. அங்கே அரசு ஊழியர்களுக்கு 2016 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் என்ற சம்பள சிஸ்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஏராளமானவர்களுக்குக் குறைவாகவும் பலருக்கு அதிகமாகவும் சம்பளம் போனது, சிலருக்கு வரவே இல்லை. அதிகம் வந்தவர்கள் அடுத்த ஆண்டில் திருப்பித் தரும்போது, வரி உட்பட மொத்தத்தையும் தரும்படி ஆயிற்று. கடைசியில் 2019-இல் வரிச் சட்டத் திருத்தத்தையே முன்வைத்து, கையில் வந்ததை மட்டும் திருப்பித் தந்தால் போதும் என்று வழிசெய்தார்கள். அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் 2018-இல் கொடுத்த அறிக்கையைப் படித்தால் இன்னொன்றும் தெரியும். நேரத்தையும் செலவையும் மிச்சம் பிடிக்க, பழைய மாதங்களுக்கான சம்பளத்தைப் பின்னர் கணக்கிடும் வசதியையே முதலில் விட்டுவிட்டார்கள், முன்னோட்டமாக ஓட்டிப் பார்ப்பதையும் கைவிட்டார்கள். தவறைத் திருத்தும் வசதி இல்லாமலே ஒரு சம்பள சிஸ்டம் ஓட ஆரம்பித்தது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறையிலும் 2010 மார்ச்சில் புதிய சம்பள சிஸ்டம் வந்து இதே போல ஆயிற்று. ஷிஃப்ட் மாறி மாறி வரும் நர்ஸுகள் நிறைந்த இடம் அது. அதிகம் போன பணத்தைத் திருப்பி வாங்குவதையே சில காலம் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது.

உங்கள் ஏழு மாதம் ஒரே வரி ஆண்டுக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். நடுவில் ஆண்டு மாறியிருந்தால் இரண்டு பகுதியையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். ஆறு பேருக்கும் இதே சோதனை தேவை. நான்கு மாத அரியர்ஸ் ஒரே மாதத்தில் ஏறினால், சில சாஃப்ட்வேர் அதை அந்த மாதத்து நிரந்தரச் சம்பளம் என்று எடுத்துக்கொண்டு வரியை அதிகமாகப் பிடித்துவிடும். ஓய்வூதியப் பிடித்தமும் ஓவர்டைமும் இரவுப் படியைச் சேர்த்துக் கணக்கிடப்படுகின்றன என்றால் அவையும் மாறும்.

---

மாதக்கடைசி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

வாசலில் மொத்த ஷிஃப்ட்டும் நிற்கும் என்று சார் சொன்னதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஆறு பேருக்கு உடனே போட ஒத்துக்கொண்டார். பதினொரு பேரை, அதாவது இப்போது இருக்கும் பத்துப் பேரை, தனித்தனியாக நானும் ஷிஃப்ட் சூப்பர்வைசரும் உட்கார்ந்து பார்த்தோம். தப்பு ஆபீஸுடையது என்று முதலாளி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைத்தான் ஒவ்வொருவருக்கும் முதலில் காட்டினேன். எட்டுப் பேர் ஏழு தவணைக்கு ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் பன்னிரண்டு கேட்டார், கொடுத்தோம். ராஜினாமா செய்தவருக்குப் பாதி பிடித்தோம், மீதியை முதலாளியே வேண்டாம் என்றுவிட்டார். போய்விட்டவருக்குக் கடிதம் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. எல்லாம் ஒரே வரி ஆண்டுக்குள்தான் இருந்தது, அதனால் கையில் போன தொகையோடு முடிந்தது. இந்த மாதச் சீட்டில் இரவு எண்ணிக்கை தனி வரியாக வருகிறது.

நோட்டு வைத்திருந்தவரை அவர் இடத்துக்கே போய்ப் பார்த்தேன். இரண்டு முறை திருப்பி அனுப்பியது என் தப்பு என்று சொன்னேன். தாளைக் கொடுத்தேன். அதில் நான்கு மாதத்துக்கு 47 இரவு. அவர் நோட்டைத் திறந்து ஒவ்வொரு தேதியாக விரல் வைத்து எண்ணினார். நோட்டில் 49. இடிக்கிற இரண்டு தேதியையும் அட்டெண்டன்ஸ் பதிவில் பார்த்தால், அந்த இரண்டு இரவும் மெஷின் ஓடவே இல்லை, ஒருவருக்கும் பஞ்ச் பதிவாகவில்லை. வேலைக்கு வந்தார் என்று சூப்பர்வைசர் சொன்னார். 49-க்கும் போட்டோம். அதே இரண்டு இரவில் வேலைக்கு இருந்த மற்றவர்களின் கணக்கை இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறேன்.